பச்சைக்காரன் வாயில் சிவப்பு

என் தம்பி வெய்மாருக்குக் குரலைக் கொடுத்த கடவுள், பல்லைக் கொடுக்கும் நேரத்தில் வேறு ஏதோ வேலையாகப் போய்விட்டார். அவன் பாட ஆரம்பித்தால் எங்கள் மன்ரிக்கே மேட்டில் தெருநாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். வாயைத் திறந்து காட்டினால்தான் வம்பு. மேல்வரிசையில் ஒரு பல் முன்னே, ஒரு பல் பின்னே, ஒன்று பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கும். தெருவில் அவனுக்கு ‘ரம்பம்’ என்றுதான் பேர். அதனால் பாடும்போதெல்லாம் இடது கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வான். இப்படியே முப்பது வயதைத் தாண்டியவன், போன வருஷம் திடீரென்று பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“என்னடா, கல்யாணமா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. கம்பி மேல ஏறணும்” என்றான்.

பல்லில் போட்ட கம்பியைச் சொல்லவில்லை. மைதானத்துக் கம்பியைச் சொன்னான். எங்கள் ஊரில் கால்பந்து அணி இரண்டு; பிறக்கும்போதே ஒருத்தர் பச்சை அல்லது சிவப்பு. நாங்கள் பச்சை. மைதானத்தின் தெற்குப் பக்கக் காலரிப் படிகளில் எங்கள் தெரு ஆட்களுக்கென்று ஒரு மூலை உண்டு. அந்த மூலைக்கு முன்னால் இரும்புக் கம்பி வேலி. அதன்மேல் ஒருவர் ஏறி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்து பாட்டை எடுத்துக்கொடுப்பார். நாங்கள் எல்லாரும் பிடித்துக்கொள்வோம். பின்னால் கோல் விழுந்தாலும் சரி, குண்டு விழுந்தாலும் சரி, அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆட்டம் எப்படிப் போகிறது என்பதை எங்கள் மூஞ்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் வாயை அகலத் திறந்துகொண்டு உட்காருகிற இடம் அது. சின்ன வயதிலிருந்து என் தம்பி ஆசைப்பட்டது அந்த ஒரு இடத்துக்குத்தான்.

இத்தனை வருஷமும் அங்கே உட்கார்ந்திருந்த அல்பெய்ரோ அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. இடம் காலி. அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் என் தம்பி. இன்னொருவர் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் ஆர்லெஸ். அவருக்குக் குரல் கிடையாது, சத்தம் மட்டும் உண்டு. மேட்டுப் பாதையில் பஸ் ஓட்டுகிற மனுஷன், ஹாரனோடு சேர்ந்து கத்திக் கத்திப் பழகியவர். அந்த மூலையில் பெரிய மேளம் அடிப்பது நான். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி என்று சினிமாவில் வருமே, அந்தக் கதி எனக்கு.

“வர்ற பச்சை-சிவப்பு மேட்ச்ல முதல் பாதி ஆர்லெஸ் ஏறட்டும், ரெண்டாம் பாதி வெய்மார். யாருக்குக் கூட்டம் வாயைத் திறக்குதோ அவனுக்கு இடம்” என்று அல்பெய்ரோ தீர்ப்புச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். சனிக்கிழமை காலை தம்பிக்கு மாதாந்திரப் பல் பரிசோதனை. நானும் கூடப் போனேன். டாக்டரிடம் அவன் அவிழ்த்துவிடுகிற பொய்யைக் கேட்பதே ஒரு பொழுதுபோக்கு.

டாக்டர் நொஹெமிக்குக் கை ரொம்ப நல்ல கை. குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று, அவர் சிவப்பு. கதவுக்குப் பின்னால் சிவப்புத் தொப்பி தொங்கும். ஒவ்வொரு மாதமும் கம்பியைக் கட்டுகிற குட்டி ரப்பருக்கு என்ன கலர் வேண்டும் என்று கேட்பார். என் தம்பி பச்சையும் வெள்ளையும் என்பான். செத்த எலியைத் தூக்குவதுபோல் இடுக்கியால் அந்தப் பச்சை ரப்பரை எடுத்து மாட்டுவார்.

அன்றைக்குக் கண்ணாடிக் குச்சியை வாய்க்குள் விட்டு, ஈறு ஓரமாக ஒரு சுற்று பார்த்தார்.

“ஈறெல்லாம் வீங்கிக் கிடக்கு. தேய்க்கிறியா, இல்லையா?”

“மூணு வேளையும் டாக்டரம்மா. கன்னி மாதா மேல சத்தியம்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரும் வழியில்தான் சோளக்கதிரைக் கடித்துத் தின்றான். அதற்கு முன்னால் பொரித்த பன்றித்தோல். அதற்கு மேல் கொய்யாப்பழ மிட்டாய். ‘கம்பி போட்டவங்க இதையெல்லாம் தொடவே கூடாது’ என்று டாக்டர் சொன்னவற்றை ஒன்று விடாமல் தின்று முடித்திருந்தான்.

“ரொம்ப நல்லது. அப்ப இந்த மாத்திரையை மென்னு, வாய் முழுக்கச் சுழட்டித் துப்பு. சுத்தமா இருந்தா ஒண்ணும் ஆகாது” என்றார் டாக்டர்.

மென்றான். சுழற்றினான். துப்பினான். டாக்டர் கைக்கண்ணாடியை நீட்டினார்.

ஐயோ, அந்தக் கோலத்தை என்னவென்று சொல்ல! பல்லைச் சுற்றி, பல்லில் ஒட்டிய கிளிப்பைச் சுற்றி, கம்பிக்கு அடியில், ஈறு ஓரம் முழுக்க ஒரே சிவப்பு. சாதாரணச் சிவப்பா அது? எதிர்க்கட்சிக் கொடிச் சிவப்பு. நடுநடுவே பச்சை ரப்பர் மட்டும் பயந்துபோய் எட்டிப் பார்த்தது.

“சதி!” என்று நாற்காலியிலிருந்து எகிறினான் தம்பி. “நாளைக்கு மேட்ச்சுன்னு தெரிஞ்சே எனக்குச் சாயம் பூசிட்டீங்க!”

“நான் ஒண்ணும் பூசலப்பா. சுத்தமான பல்லுல இது ஒட்டாது. அழுக்கு எங்க படிஞ்சிருக்கோ அங்கதான் பிடிக்கும். உன் வாயில எங்க கட்சிக்கு இவ்வளவு ஆதரவு இருக்கும்னு நானே எதிர்பார்க்கல” என்றார் அவர், முகத்தில் ஒரு சுளிவுகூட இல்லாமல்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“சரி, உட்காரு. நானே சுத்தம் பண்ணி அனுப்புறேன். பாத்துக்கோ. பிரஷ்ஷை ஈறுப் பக்கமாச் சாய்ச்சுப் பிடிக்கணும். கம்பிக்கு மேல தனியா, கம்பிக்குக் கீழ தனியா, மெதுவா. கம்பிக்கு அடியில விடத்தான் அந்தக் குட்டி பிரஷ் குடுத்தேன். ரத்தம் வருதேன்னு தேய்க்காம விட்டா இன்னும்தான் வரும்.”

உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவனுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டதே! “சிவப்புக்காரி கைல மறுபடி என் வாயைக் குடுக்க மாட்டேன்” என்று கழுத்துத் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான். டாக்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னும் கொஞ்சம் மாத்திரைகளைக் கையில் கொடுத்து, “வீட்ல எல்லாரும் போட்டுப் பாருங்க” என்றார்.

வீட்டுக்கு வந்தும் அதே பாட்டு. மாத்திரை எல்லாரையும்தான் சிவப்பாக்கும், அது டாக்டரின் ஏமாற்று வேலை என்று குதித்தான். பொறுத்துப் பார்த்தேன். அவன் எதிரிலேயே ஒன்றை மென்று, கொப்பளித்து, பல்லை இளித்துக் காட்டினேன். கடைவாய்ப் பல் ஒன்றில் மட்டும் ஒரு பொட்டு. மற்றபடி வெள்ளை.

“இப்ப என்ன சொல்ற? நானும் சிவப்புக்காரியா?”

என் வீட்டுக்காரர் பக்கம் ஒரு மாத்திரையை நீட்டினேன்.

“ஏங்க, நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்.”

“எனக்கு எதுக்கு? எனக்கென்ன கம்பியா போட்டிருக்கு?” என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நழுவினார். அந்த மனுஷனின் பிரஷ் ஈரமாகி எத்தனை நாளாயிற்று என்பது எனக்குத் தெரியாதா என்ன.

“மச்சான், கவலைப்படாத. மேல ஏறி வாயை மட்டும் திறக்காம இரு” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“மாமா, நீங்க சும்மா இருங்க!”

வாஷ்பேசினில் போய் நின்று, கருகிய சட்டியைத் தேய்ப்பதுபோல் தேய்த்தான். நோகாமல் தேய்க்கவே தெரியாத ஜன்மம். சிவப்பு போவதற்குப் பதிலாக ஈற்றிலிருந்து ரத்தம் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துவிட்டு, டாக்டர் கொடுத்த குட்டி பிரஷ் எங்கே என்று கேட்டேன். முழித்தான். அவன் மோட்டார்சைக்கிள் மெக்கானிக். பட்டறையில் போய்ப் பார்த்தால், கார்புரேட்டர் பக்கத்தில் கரியும் எண்ணெயுமாகக் கிடக்கிறது அந்தக் குட்டி பிரஷ்!

“பாவி! வண்டிக்குப் பல்லு விளக்கி விட்டுட்டு, உன் பல்லைப் போட்டுட்டியேடா!”

“அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள அதுதான்க்கா கச்சிதமாப் போகுது” என்று தலையைச் சொறிந்தான்.

மருந்துக் கடையில் புதிதாக வாங்கி வந்தேன். கம்பிக்கு அடியில் விட்டு, பொறுமையாக, ஒவ்வொரு பல்லாகத் துழாவினான். சாயங்காலத்துக்குள் பாதிச் சிவப்பு போயிற்று. ஞாயிறு காலையில் இன்னும் கொஞ்சம். ஆனால் மாதக்கணக்கில் சேர்ந்து கெட்டித்துப்போன அழுக்கு ஒரு நாளில் போகுமா? ஈறு ஓரத்திலும் கிளிப்பைச் சுற்றியும் சிவப்பு அழிச்சாட்டியமாக உட்கார்ந்திருந்தது. எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்தான். “பல்லையே அரிச்சிடும், வைடா கீழே” என்று அதட்டினேன்.

மைதானத்து வாசலில் சோதனை போடுகிற காவலர் பச்சைச் சட்டையையும் பார்த்தார், வாயையும் பார்த்தார். “தம்பி, சிவப்புக்காரங்களுக்கு வடக்கு வாசல், அந்தப் பக்கம்” என்றார். என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி.

முதல் பாதியில் அவர் ஏறினார். சத்தத்துக்குக் குறைவில்லை. பாட்டு நன்றாகத்தான் சூடு பிடித்தது. ஆனால் பின்னால் மைதானமே ‘ஓ’வென்று எழுந்ததும் மனுஷனுக்குத் தாங்கவில்லை, பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். நாங்கள் அந்தரத்தில் நின்றோம். அப்புறம் ஒவ்வொரு முறை பந்து கோல் பக்கம் போகும்போதும் அதே கதை. “ஆர்லெஸ், எங்களைப் பாருய்யா!” என்று அல்பெய்ரோ கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

இரண்டாம் பாதி. என் தம்பி கம்பி மேல் ஏறினான். பாட ஆரம்பித்தான், இடது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு. முதல் மூன்று வரிசைக்குத்தான் கேட்டது.

“கையை எடுடா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். “கேக்கலடா! கையை எடு!” என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? மேளத்தை ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தான்.

மலைக்கு மேல் சாய்ந்த வெயில் நேராக அவன் வாயில் விழுந்தது. கம்பி பளபளத்தது, அதைச் சுற்றி அத்தனை சிவப்பும் பளபளத்தது. எங்கள் மூலை சட்டென்று அடங்கிவிட்டது.

“டேய், இவன் வாயெல்லாம் சிவப்பு!”

“வேவு பாக்க வந்திருக்கான்! இறக்குடா அவனை!”

ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்து அவன் நெற்றியில் பட்டது. அல்பெய்ரோ அவன் காலைப் பிடித்து இறக்கப் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷத்து ஆசை, ஒரு மாத்திரையில் போயிற்றே!

அப்போது வெய்மார் வாயை இன்னும் அகலமாகத் திறந்தான். காது வரைக்கும் இளித்தான்.

“என்னத்தடா அப்படிப் பாக்குறீங்க? காலையில பசிச்சுது, சிவப்புக்காரனுங்களைப் பிடிச்சுத் தின்னேன். மிச்சம் கம்பில மாட்டிக்கிச்சு!”

கடைசி வரிசையில் யாரோ ‘கெக்கே’ என்று ஆரம்பிக்க, மொத்த மூலையும் வெடித்தது. என் கை தானாகவே மேளத்தில் தாளம் பிடித்தது. அவன் அந்தத் தாளத்திலேயே எடுத்தான்:

“தின்னாச்சு தின்னாச்சு, சிவப்பைத் தின்னாச்சு!
மென்னதுல மிச்சமெல்லாம் கம்பியில நின்னாச்சு!”

எங்கள் மூலை பாடியது, பக்கத்து மூலை பிடித்துக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் தெற்குக் காலரி முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு பாடியது. மேட்ச் சமனில் முடிந்தது, அதை யார் கவனித்தார்கள்? அல்பெய்ரோ என் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். “இடம் உனக்குத்தான். ஆனா ஒண்ணு, ஒவ்வொரு பச்சை-சிவப்பு மேட்ச்சுக்கும் இதே பல்லோட வரணும்” என்றார். “வருவேன் அண்ணே!” என்று இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான். என் வீட்டுக்காரர் பஸ் ஏறும் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்த பிறகாவது பல்லைத் தேய்ப்பான் என்று நினைத்தேன். அறவே விட்டுவிட்டான்! கேட்டால், அடுத்த மேட்ச்சுக்குச் சாயம் நன்றாகப் பிடிக்க வேண்டுமாம், அதற்காக அழுக்கைச் சேர்த்து வைக்கிறானாம்.

“ஊர்ல அவனவன் நகை நட்டு சேர்ப்பான். நீ ஊத்தை சேர்க்கிறியா?”

“என் இடம்க்கா. அதை விட முடியாது.”

மற்ற மேட்ச்சுகளில் அவன் ஏறியதும் முதல் வரிசை ஆட்கள் நைசாக இரண்டாம் வரிசைக்கு நகர ஆரம்பித்தார்கள். வாய் நாற்றம் அப்படி. ஈறு வீங்கி, பாதி கிளிப்பை மூடிவிட்டது. ஒரு நாள் மேல்ஸ்தாயியில் வாயைத் திறந்தவன் வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு பாட்டை நிறுத்தினான். மூலையில் முணுமுணுப்புக் கேட்டது. எதற்காக அழுக்கைச் சேர்த்தானோ அந்த இடமே கையை விட்டுப் போகிற நிலைமை.

காதைப் பிடித்துத் திருகி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் உள்ளே பார்த்ததும், சிவப்பு பச்சை எல்லாவற்றையும் மறந்து உண்மையிலேயே கோபப்பட்டார். கெட்டித்த காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கம்பியைக் கழற்றி வைத்தார்.

“ஈறு ஆறுற வரைக்கும் கம்பி கிடையாது. இப்படியே விட்டேன்னா, கடைசில கிளிப்பைக் கழட்டுற அன்னிக்குப் பல்லு நேரா இருக்கும், ஆனா ஒவ்வொண்ணுலயும் வெள்ளை வெள்ளையாத் திட்டு இருக்கும். ஈறு இன்னும் மோசமாப் போனா பல்லே ஆட்டம் காணும். பாட்டு வேணுமா, சாயம் வேணுமா, நீயே முடிவு பண்ணு.”

இந்த முறை அவன் எகிறவில்லை. வலி அவனைச் சாதுவாக்கியிருந்தது. தின்றால் தேய்த்தான், தூங்குவதற்கு முன் தேய்த்தான், குட்டி பிரஷ்ஷைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். வீக்கம் வடிந்தது. கம்பியை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தான். அடுத்த பச்சை-சிவப்பு மேட்ச்சும் வந்தது.

அன்றைக்குக் காலையில் மாத்திரையை மென்றான். சுழற்றித் துப்பினான். கண்ணாடியில் பார்த்தான். பல்லில் ஒரு துளி ஒட்டவில்லை. இன்னொன்று மென்றான். அதுவும் வழுக்கிக்கொண்டு போயிற்று. நாக்குதான் சிவந்தது.

“அக்கா, வெள்ளையா இருக்குக்கா!” என்று அலறினான். இப்படிச் சுத்தமான பல்லைப் பார்த்து ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மைதானத்தில் அவன் கம்பி மேல் ஏறும்போதே “காட்டு! காட்டு!” என்று கூட்டம் ஆரம்பித்துவிட்டது. மெல்ல வாயைத் திறந்தான். வெயிலில் வெள்ளைப் பல்லும் பச்சை ரப்பரும் மட்டும் மின்னின. “ப்ச்” என்று ஒரு சத்தம் மூலை முழுக்கப் பரவியது. “எங்கடா சிவப்பு? வாக்குக் குடுத்தியே!” என்று அல்பெய்ரோவே கேட்டார். இதற்காகவே வேலை பார்க்கிற ஊரிலிருந்து வந்திருந்தார் மனுஷன்.

“இங்க இருக்கு!” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல்.

என் வீட்டுக்காரர்! என் அலமாரியிலிருந்து மாத்திரையைத் திருடி மென்றுகொண்டு வந்திருக்கிறார். கம்பியும் இல்லை கிளிப்பும் இல்லை, ஆனால் காதுக்குக் காது ரத்தச் சிவப்பு. பிரஷ்ஷையே தொடாத வாய், சாயத்தை அப்படி உறிஞ்சியிருந்தது. கூட்டம் கைதட்டி ஊளையிட்டது. “ஆர்லெஸ்! ஆர்லெஸ்!” அவர் ஒரு காலைத் தூக்கி வேலியில் வைத்துவிட்டார்.

“இறங்கு மச்சான். கூட்டம் கேக்குறது இந்தப் பல்லைத்தான்.”

நான் மேளக்கோலை இறுக்கிப் பிடித்தேன். பொய் சொல்வானேன், கட்டின புருஷனை அதாலேயே ஒன்று போடலாமா என்றுகூடத் தோன்றியது.

வெய்மார் இறங்கவில்லை. மாமாவின் வாயை உற்றுப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தன் வெள்ளைப் பல் அத்தனையும் தெரிய, தொண்டை கிழியக் கத்தினான்:

“பாவம்டா, எங்க மாமா இன்னும் மென்னுக்கிட்டே இருக்காரு! நான் முழுங்கிட்டேன்!”

அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில் காலரியின் சிமெண்டுப் படியே அதிர்ந்தது. அல்பெய்ரோ தரையில் உட்கார்ந்து சிரித்தார். வேலியில் வைத்த காலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். நான் ஓங்கி அடித்தேன், தம்பி பாட்டை எடுத்தான், தெற்குக் காலரி முழுக்க “முழுங்கியாச்சு, முழுங்கியாச்சு” என்று பாடியது. அவன் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் எங்கள் வலைக்குள் சிவப்புக்காரர்கள் போட்ட இரண்டு கோலையும் எங்கள் மூஞ்சியில்தான் பார்த்தான், பார்த்தும் பாடிக்கொண்டேதான் இருந்தான்.

மறுநாள் என் வீட்டுக்காரர் பஸ் எடுத்துக்கொண்டு போனார். மேட்டிலிருந்து கீழே போகும் வரைக்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருத்தராக ஏறி, அவர் வாயைப் பார்த்து, “அண்ணே, நம்ம ஆளு! நேத்து ஜெயிச்சோம்ல!” என்று கட்டிப் பிடித்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் நேராக வாஷ்பேசினுக்குப் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார்.

“ருபியேலா, இது எப்பப் போகும்?”

“தேய்ச்சாப் போகும்” என்றேன்.